மூன்று மணிக்கு ஆறு எண்கள்

அரிசி டின்னுக்குள் போன் அதிர்ந்தது.

கமருன்னிசா கரண்டியை வாணலியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். டின்னின் மூடி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. முன்னறையில் மகள் மெஹ்ரீன். கூடத்தில் கணவர் சைபுதீன், கையில் செய்தித்தாள், முன்னால் உப்புமாத் தட்டு. அவசரமாகக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அந்த உறுமல் அமுங்கியது. பத்து, பதினைந்து நொடி. பிறகு ஓய்ந்துவிட்டது.

காலையிலிருந்து இது நாலாவது தடவை.

வெள்ளிக்கிழமை முதல் இந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கமில்லை. 'தோப்பு' என்ற போன் விளையாட்டை நடத்துகிற கிளிக்கூடு கம்பெனியில்தான் மெஹ்ரீனுக்கு வேலை. கம்பெனி சென்னையில், அவள் செஞ்சியில். ஆடுகிறவர்களின் புகார்களை முன்னறையில் உட்கார்ந்தபடியே கம்பெனி லேப்டாப்பில் கவனிப்பாள். கன்று நட்டு, தண்ணீர் விட்டு, காய் பறித்து, பக்கத்துத் தோப்புக்காரர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஆடுகிற ஆட்டம் அது. லட்சக்கணக்கான பேர் ஆடினார்கள். வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அத்தனை பேருடைய தோப்பும் ஒரே நேரத்தில் கருகியது. கருகிய மண்ணின் மேல் ஒரு வெள்ளைக் காகம் வந்து உட்கார்ந்தது.

'வெள்ளைக் காகம்' என்பது ஒரு ஹேக்கர் கும்பலின் பெயர். எங்கே இருக்கிறார்கள், எத்தனை பேர், யாருக்கும் தெரியாது. கம்பெனி ஆள் ஒருவருடைய லேப்டாப் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அந்த லேப்டாப் யாருடையது என்பது அந்தக் கும்பலைத் தவிர ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் இப்போது குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா கமரு, உப்புமால உப்பே இல்ல?" கூடத்திலிருந்து சைபுதீன் கேட்டார்.

"மறந்துட்டேங்க."

"நாலு நாளா எல்லாத்தையும் மறக்குறியே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். மெஹ்ரீன் தட்டோடு வந்து அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். இருபத்தேழு வயதுப் பெண் நாற்பது வயதுக்காரி மாதிரி இருந்தாள்.

"இன்னிக்கு மூணு மணிக்கு கேம மறுபடியும் தொறக்கறோம்த்தா" என்றாள். "எல்லார் தோப்புக்கும் ஒரு நகல் தனியா எடுத்து வெச்சிருக்கோம். பேக்கப்பு. அதுலேர்ந்து பழையபடி கொண்டாந்துடுவோம்."

"அப்பாடா. திருடன் மறுபடியும் வரமாட்டானே?"

"இந்தத் தடவ வெறும் பாஸ்வேர்ட் போதாது. மூணு மணிக்கு எங்க ஒவ்வொருத்தர் போனுக்கும் ஆறு நம்பர் வரும். அதப் போட்டாதான் உள்ள போக முடியும். அந்த நம்பர யாராவது எடுத்துக் குடுத்தா ஒழிய அவங்களால வர முடியாது. வந்தாங்கன்னா மொதல்ல பேக்கப்பத்தான் அழிப்பாங்க. அப்புறம் கம்பெனியே இல்ல."

"யார் வழியா வந்தாங்கன்னு கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"பன்னண்டு பேர் மேல சந்தேகம். அதுல நானும் ஒருத்தி. ரெண்டரைக்கு மீட்டிங்ல விசாரிக்கறாங்க. யாருன்னு தெரிஞ்சா போலீஸ்ல குடுப்பாங்களாம்."

சைபுதீன் மகளின் தலையைத் தட்டினார். "நீ தப்பு பண்ணல. நீ எதுக்குப் பயப்படணும்? தைரியமா பேசு."

கமருன்னிசா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சைபுதீன் கடைக்குக் கிளம்பினார். மெஹ்ரீன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அரிசி டின் மறுபடியும் உறுமியது.

இந்தத் தடவை எடுத்தே தீரவேண்டும் என்று தெரிந்தது. போனை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை உதறி, பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் போனாள்.

"கமருக்கா, சாப்டீங்களா?"

அதே குரல். இரண்டு மாதமாகத் தினமும் கேட்ட குரல். அதில் துளியும் மாற்றமில்லை என்பதுதான் அவளை நடுக்கியது.

அமலா என்று பெயர் சொன்னவள். 'தோப்பு' ஆட்டத்தில் பக்கத்துத் தோப்புக்காரி. கமருன்னிசா இந்த ஆட்டத்தை ஆடுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. மகள் வேலை பார்க்கிற கம்பெனியின் ஆட்டம்தானே, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று ஆரம்பித்தது. பிறகு விட முடியவில்லை. முதலில் எழுத்தில் பேசினார்கள். அப்புறம் போனில். செஞ்சியில் மழையா, மல்லாட்டைக் கடலை எடுத்தாகிவிட்டதா, முட்டி வலி குறைந்ததா என்றெல்லாம் அமலா விசாரிப்பாள். பெருமையில் ஒருநாள் கமருன்னிசா சொல்லிவிட்டாள்: எம் பொண்ணு அந்தக் கம்பெனியிலதான் இருக்குறா.

அதற்கு அடுத்த வாரமே அமலா ஒரு மல்கோவாக் கன்று அனுப்பினாள். யாரிடமும் இல்லாத அபூர்வக் கன்று. 'போன்ல தொறக்காதுக்கா, கம்ப்யூட்டர்ல தொறங்க' என்றாள். மெஹ்ரீன் குளிக்கப் போயிருந்த நேரம். லேப்டாப் திறந்தே இருந்தது. அமலா சொல்லிக்கொடுத்த முகவரியை அடித்து இரண்டு தடவை அழுத்தினாள். கன்று எதுவும் வரவில்லை. திரை ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமலாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'ரொம்ப நன்றி அக்கா.' கீழே ஒரு வெள்ளைக் காகம்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"உனக்கு இன்னா வேணும்? என்ன விட்டுடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா. மூணு மணிக்கு மெஹ்ரீன் போனுக்கு ஆறு நம்பர் வரும். போன் லாக்ல இருந்தாலும் மேலயே தெரியும். வந்த ஒடனே எனக்குப் படிச்சு சொல்லிடுங்க. அதோட நான் உங்க தொந்தரவுக்கே வரமாட்டேன்."

"முடியாது."

"ஒரு படம் அனுப்பறேன். பாத்துட்டு சொல்லுங்க."

படம் வந்தது. கமருன்னிசா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பார்த்ததும் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மெஹ்ரீன். தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, வாயில் இட்லியோடு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் முன்னறைச் சுவர், காலண்டர், கொடியில் தொங்குகிற துணிகள். வெளியிலிருந்து யாரும் எடுத்த படமில்லை. லேப்டாப்பின் நெற்றியில் இருக்கிற அந்தச் சின்னக் கேமராக் கண்ணாடி எடுத்த படம்.

"பத்து நாளா எடுத்தது நெறைய இருக்குதுக்கா. எத அனுப்பறது, எத விடறதுன்னு இங்க இருக்கறவங்க முடிவு பண்ணுவாங்க. உங்க ஜமாத் வாட்ஸப் குரூப்புல எரநூத்திப் பன்னண்டு பேர் இருக்காங்க, இல்ல?"

"யா அல்லா..."

"போன கையிலயே வெச்சிருங்க. ஆஃப் பண்ணா தெரியும். யார்கிட்டயாவது சொன்னாலும் தெரியும்."

லைன் அறுந்தது.

கூரையில் தடாலென்று சத்தம். கமருன்னிசா அலறியே விட்டாள். மலையிலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று தகரத்தின் மேல் நடந்து, சுவரில் குதித்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. தினமும் வருகிற குரங்குதான். இன்று அதன் பார்வையைக்கூட அவளால் தாங்க முடியவில்லை.

முன்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். மெஹ்ரீன் வேலையில் மூழ்கியிருந்தாள். லேப்டாப்பின் அந்தக் கண்ணாடி நேராகக் கமருன்னிசாவைப் பார்த்தது. சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"இன்னாம்மா?" ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி மெஹ்ரீன் கேட்டாள்.

"துப்பட்டாவ தலைல போட்டுக்கடி."

"வீட்டுக்குள்ளயா? எதுக்கு?"

"சொன்னா போட்டுக்க."

மெஹ்ரீன் விசித்திரமாகப் பார்த்துவிட்டு, போட்டுக்கொண்டு, திரும்ப வேலையில் இறங்கினாள்.

கணவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தபோது மணி பன்னிரண்டரை. புர்காவை மாட்டிக்கொண்டு, போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கூட்ரோட்டுப் பக்கம் சைபுதீனின் சீட் கவர் கடை. பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ்ஸுக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. எல்லார் கையிலும் போன். ஒரு ஆள் போனை உயர்த்திப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினான். அவள் சட்டென்று கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவன் சிக்னல் கிடைக்காமல் அலைகிறவன் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

கடையில் சைபுதீன் புல்லட் சீட்டின் மேல் ரெக்ஸினை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரரிடம் பேச்சு வேறு.

"நாலு நாளாச்சுங்க எம் பொண்ணு தூங்கி. கம்பெனிக்கே அதுதான் காவல் காக்குது. செஞ்சிலேர்ந்து ஒரு பொண்ணு இம்மாம் பெரிய வேல பாக்குதுன்னா சும்மாவா?"

மனைவியைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார். "இன்னா கமரு, இந்த வெயில்ல?"

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இப்டி வாங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். அவள் வாயைத் திறந்தாள். கைப்பைக்குள் போன் ஒருமுறை சிணுங்கியது.

எடுத்துப் பார்த்தாள்.

'கடைக்கு எதுக்குக்கா போனீங்க? வீட்டுக்குப் போங்க.'

கமருன்னிசா சுற்றிலும் பார்த்தாள். டீக்கடை. பஞ்சர் கடை. பூக்காரம்மா. நிழலில் படுத்திருக்கிற ஆட்டோக்காரர். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அமலா அனுப்பியதையெல்லாம் திறந்து பார்த்த இந்தப் போனேதான் அவள் போகிற இடமெல்லாம் காட்டிக்கொடுக்கிறது என்று மெல்ல மெல்ல உறைத்தது. உறைத்ததும் போனைக் கைப்பைக்குள் திணித்தாள்.

"சொல்லு, இன்னா?"

"ஒண்ணுமில்லங்க. சாப்பாடு கட்டிக் குடுக்க மறந்துட்டேன். வெளியில வாங்கி சாப்டுக்குங்கன்னு சொல்ல வந்தேன்."

"அத போன்ல சொல்லக் கூடாதா?" அவர் சிரித்தார். "பைத்தியம். போ, வெயில்ல நிக்காத."

வீடு திரும்பும்போது நடுப்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. தொழுகைக்கு நின்றாள். எத்தனை ரக்அத் தொழுதோம் என்று பாதியில் மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் மறந்தது. விரிப்பிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு ஐம்பத்தைந்து.

மெஹ்ரீனின் போன் கூடத்தில் சார்ஜரில் கிடந்தது. மீட்டிங்கில் இருக்கும்போது அதை வெளியே வைப்பது அவள் வழக்கம். கமருன்னிசா அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய போன் காதில் இருந்தது.

"வந்துச்சாக்கா?"

"இன்னும் இல்ல."

முன்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சு தெளிவாகக் கேட்டது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள் மெஹ்ரீன். கடுகடுத்த ஆண் குரல் ஒன்று அவளைக் கேள்வி கேட்டது. அது ரஞ்சித், அவளுடைய மேலாளர்.

"உங்க லாகின்லதான் பத்து நாள் முன்னாடி பழக்கமில்லாத ஃபைல் ஒண்ணு ஓடியிருக்கு மெஹ்ரீன். நீங்க தொறக்கலன்னா வேற யார் தொறந்தா?"

"நான் தொறக்கல சார்."

"வீட்ல வேற யார் இருக்காங்க?"

"எங்கத்தா காலையில கடைக்குப் போனா ராத்திரிதான் வருவார். நானும் அம்மாவும்தான்."

"அப்ப அம்மா தொட்டிருக்கலாமே?"

கூடத்தில் கமருன்னிசா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"இல்ல சார்." மெஹ்ரீனின் குரலில் கோபம் ஏறியது. "என்ன எவ்ளோ வேணா கேளுங்க. எங்கம்மாவ இதுல இழுக்காதீங்க. அவங்க எங்கிட்ட எதையும் மறைச்சதே கெடையாது."

தரையில் சார்ஜரில் கிடந்த மெஹ்ரீனின் போன் வெளிச்சமிட்டது. திரையின் உச்சியில் ஆறு எண்கள்.

"வந்துடுச்சாக்கா? வந்துடுச்சுல்ல? சீக்கிரம்க்கா, ரெண்டு நிமிஷம்தான் இருக்கும்."

"ஏழு..." என்றாள் கமருன்னிசா. திரையை மறுபடி பார்த்தாள். "ரெண்டு..."

"அடுத்து?"

உள்ளே ரஞ்சித் ஏதோ சொல்ல, மெஹ்ரீன் மறுபடியும் சொன்னாள், அழுகையை அடக்கிக்கொண்டு: "எங்கம்மாவ எனக்குத் தெரியும் சார்."

"அக்கா, அடுத்த நம்பர் இன்னா?"

கமருன்னிசா தன் போனை அணைத்தாள். அழைப்பை வெறுமனே துண்டிக்கவில்லை. பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்து, திரை முழுக்க இருளும்வரை விடவே இல்லை. பிறகு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்து, முன்னறைக் கதவைத் தள்ளினாள்.

லேப்டாப் திரையில் கட்டம் கட்டமாக எட்டு முகங்கள். எட்டும் அவளைப் பார்த்தன. யாரென்றே தெரியாத இன்னும் எத்தனையோ கண்கள் அதே கண்ணாடி வழியாகப் பார்க்கின்றன என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நான்தாங்க தொறந்தேன்" என்றாள். "எம் பொண்ணுக்கு எதுவும் தெரியாது."

"அம்மா!" மெஹ்ரீன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "இன்னா பேசற நீ?"

"இப்பகூட நம்பர் கேட்டாங்க. ரெண்டு நம்பர் சொல்லிட்டேன். மீதி சொல்லல. இந்தக் கம்ப்யூட்டர் வழியா நம்ம வீட்டப் பாத்துனு இருக்காங்கடி."

எட்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர்களை அடக்கிக்கொண்டு ஒரு குரல் எழுந்தது. நரைத்த தாடிக்காரர், ஆதவன், கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவர்.

"மெஹ்ரீன், லேப்டாப்ப உடனே ஆஃப் பண்ணுங்க. வைஃபையும் பிடுங்குங்க. உங்க லாகின நான் இங்கேயே பூட்டறேன். உங்க போன்ல கூப்பிடறேன்."

மெஹ்ரீன் மூடியை அறைந்து சாத்தினாள்.

அடுத்த ஒரு மணி நேரம் கமருன்னிசா எல்லாவற்றையும் சொன்னாள். அமலா, மல்கோவாக் கன்று, நன்றிச் செய்தி, கூட்ரோட்டில் வந்த மிரட்டல். மெஹ்ரீனின் போனில் ஆதவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நடுவில் அதே அழைப்பில் இருந்த ரஞ்சித் குறுக்கே விழுந்தார்.

"அலட்சியம் சார் இது. இவங்கள இன்னிக்கே வேலைய விட்டு..."

"ரஞ்சித், கொஞ்சம் இருங்க. சப்போர்ட்டுல இருக்கற ஒருத்தர் லாகின் போதும், மொத்த ஆட்டத்தையும் தொறந்துடலாம், இது ஆபத்துன்னு இந்தப் பொண்ணு மார்ச் மாசமே மெயில் போட்டிருக்காங்க. லேப்டாப்புல யார் வேணாலும் எந்த ஃபைல வேணாலும் தொறக்க முடியுதுன்னும் எழுதியிருக்காங்க. யாருக்குப் போட்டாங்கன்னும் இருக்கு. உங்களுக்குத்தான். நீங்க பதிலே போடல."

மறுமுனையில் ரஞ்சித் மைக்கை அணைத்துக்கொண்டார்.

"விசாரணை முடியறவரைக்கும் நீங்க வேலைக்கு வர முடியாது மெஹ்ரீன்" என்றார் ஆதவன். "அது என் கையில இல்ல. ஆனா நம்பர் முழுசா போகல. பேக்கப் பத்திரமா இருக்கு. அது உங்கம்மாவாலதான்."

போனை வைத்த பிறகு அம்மாவும் மகளும் தனியாக இருந்தார்கள். மெஹ்ரீன் மூடிய லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா."

"வெக்கமா இருந்துச்சுடி."

"எது வெக்கம்?"

"அம்பத்திரண்டு வயசுல போன்ல கன்னு நட்டுனு இருந்தேன்னு சொல்ல." கமருன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ ஒரு கதவு தள்ளி இருந்த. நாள் பூரா காதுல அத மாட்டினு இருந்த. அவ ஒருத்திதான் எங்கிட்ட சாப்டியான்னு கேட்டா."

மெஹ்ரீனின் முகம் கோணியது.

"அந்தப் படத்தையெல்லாம் ஜமாத்துக்கு அனுப்பிடுவாங்கடி."

மெஹ்ரீன் பத்து நாளாக லேப்டாப் எங்கெங்கே திறந்து கிடந்தது என்று மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. பிறகு சொன்னாள்: "அனுப்பினா அனுப்பட்டும். அதுக்குப் பயந்து எதையும் குடுக்கறதா இல்ல. ராத்திரி அத்தாகிட்ட நானே சொல்றேன்."

நாலரை மணிக்கு ஆதவன் மறுபடியும் கூப்பிட்டார். அம்மாவின் போனை ஒரே ஒரு தடவை திறந்து வைக்கச் சொன்னார். அவர்கள் கூப்பிட்டால் பேச விடுங்கள், நான் இந்தப் பக்கம் பதிவு செய்கிறேன், போலீஸுக்கு உதவும் என்றார்.

மெஹ்ரீன்தான் அம்மாவின் போனைத் திறந்தாள். இருவர் நடுவிலும் தரையில் வைத்தாள். பக்கத்தில் மெஹ்ரீனின் போன், அதில் ஆதவன்.

மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அழைப்பு வந்தது.

"ஹலோ" என்றாள் கமருன்னிசா.

திட்டப் போகிறாள், மிரட்டப் போகிறாள் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் முதலில் மூச்சு மட்டும் கேட்டது. ஓடிவந்து ஒளிந்துகொண்டவள் விடுகிற மூச்சு.

"அக்கா, கட் பண்ணிடாதீங்க. பாத்ரூம்லேர்ந்து பேசறேன். ஒரு நிமிஷம்தான் இருக்குது."

குரல் அதேதான். அந்தத் தேன் மட்டும் இல்லை.

"நீங்க நம்பர் சொல்லலன்னு என்ன இருட்டு ரூம்ல போடப் போறாங்க. போன மாசம் அதுல போட்ட பையன் திரும்பி வரவே இல்ல. நான் அமலா இல்லக்கா. எம் பேரு சுமலதா. எங்க ஊரு செஞ்சிக்குப் பக்கத்துல மண்டகப்பட்டு."

மெஹ்ரீன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லி வெளிநாட்டுக்குக் கூட்டினு வந்தாங்க. வந்த அன்னிக்கே பாஸ்போர்ட்ட வாங்கினு பூட்டிட்டாங்க. நம்ம பக்கத்துப் பேச்சு தெரிஞ்சவன்னுதான் உங்ககிட்ட பேச உக்கார வெச்சாங்க. எங்க நைனா பேரு தங்கராசு. கோயில் பாறைக்குப் போற வழியில பச்சைக் கதவு வீடு. நான் உசுரோட இருக்கேன்னு அவர்கிட்ட..."

எங்கோ ஒரு கதவு இடிபட்டது. ஒரு ஆண் குரல், புரியாத பாஷையில். போன் விழுந்து உருள்கிற சத்தம். அதன் பிறகு அவள் அலறினாளா, வேறு ஏதாவது கிறீச்சிட்டதா, தெரியவில்லை. லைன் போய்விட்டது.

மெஹ்ரீன் அம்மாவின் போனை மறுபடியும் அணைத்தாள்.

"மேடம்" என்றார் ஆதவன் தயங்கியபடி. "இத நம்பிடாதீங்க. இரக்கத்த வெச்சும் இவங்க வேலை செய்வாங்க. உங்கள வீட்ட விட்டு வெளிய வரவைக்கிற தந்திரமாக்கூட இருக்கலாம். நான் போலீஸ்ல சொல்றேன். அவங்க பாத்துக்கட்டும்."

"எப்ப பாப்பாங்க?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு. நாலஞ்சு நாள் ஆகலாம்."

கமருன்னிசா எழுந்தாள். கொடியிலிருந்து புர்காவை உருவினாள். பொத்தான் இரண்டு தடவை நழுவியது.

"எங்கம்மா கெளம்பற?"

"அஞ்சு பத்துக்கு விழுப்புரம் பஸ் இருக்குது. மண்டகப்பட்டுல நிப்பான்."

"அம்மா, சார் சொன்னது கேக்கலையா? ஒருதடவ அவ பேச்ச நம்பித்தான் இவ்ளோவும் வந்துச்சு. இதுவும் பொய்யா இருந்தா?"

கமருன்னிசா செருப்பை மாட்டிக்கொண்டாள். பயம் போய்விட்டதென்று சொல்வதற்கில்லை. காலையிலிருந்து இருந்ததைவிட இப்போதுதான் அதிகமாக இருந்தது. ஆனாலும் வாசல் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"பொய்யா இருந்தா சந்தோஷமா அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துடுவேன்டி" என்றாள்.